அலுமினியத் துப்பாக்கிக்கு மறுமெருகு: ஒரு வரலாற்று நோக்கு

படைக்கலத்தின் மேனியைப் பேணும் வழக்கம் படைக்கலத்தைப் போன்றே தொன்மையானது. நெய்பூசிக் காவல்மனையில் கிடந்த தொண்டைமானின் வேல்களையும், முனை சிதைந்து கொல்லனின் சிறுகொட்டிலில் கிடந்த அதியமானின் வேல்களையும் எதிரெதிர் நிறுத்தி ஔவையார் பாடிய புறப்பாட்டைச் சங்கப் பயிற்சி உடையோர் அறிவர். பளபளப்பு ஒரு செய்தி. தேய்வு மற்றொரு செய்தி. இவ்வேறுபாடு, இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவில் அலுமினியத் துப்பாக்கி பரவத் தொடங்கியபோது, புதியதொரு சிக்கலாக உருவெடுத்தது.

எஃகுத் துப்பாக்கியின் கருநீல நிறம் சாயமன்று. அடக்கியாளப்பட்ட துரு என்றே அதனைக் கூறலாம். ஏறத்தாழ 140 பாகை செல்சியஸ் வெப்பத்தில் கொதிக்கும் கார உப்புக் கரைசலில் எஃகை மூழ்க வைத்தால், அதன்மேல் கரிய இரும்பு ஆக்சைடு மெல்லிய படலமாகப் படியும். அதே தொட்டியில் அலுமினியத்தை இட்டால் நிறம் ஏறுவதில்லை. உலோகமே நுரைத்துக் கரைந்துபோகும். எஃகில் பழகிய கை அலுமினியத்தை அணுகும்போது முதலில் மறக்க வேண்டிய பாடம் இது.

அலுமினியத்தின் வரலாறோ மிக இளையது. 1884இல் வாஷிங்டன் நினைவுத்தூணின் உச்சியில் கூம்பாக வைக்கப்பட்டபோது அது அரிய உலோகம். 1886இல் அமெரிக்காவில் ஹாலும் பிரான்சில் எரூவும் தனித்தனியே கண்ட மின்பகுப்பு முறையே அதனை மலிவாக்கியது. பின்னர் வானூர்திகள் அதனைத் தமக்கே உரியதாக்கிக்கொண்டன. கடல்வானூர்திகளின் அலுமினியக் கலவையை உப்புநீர் அரித்தமையால், 1923இல் பிரித்தானியாவில் பெங்கோவும் ஸ்டூவர்ட்டும் குரோமிக் அமிலத்தில் மின்சாரம் செலுத்திக் காப்புப் படலம் உண்டாக்கும் முறையை வகுத்தனர். கந்தக அமில முறை 1927இல் வந்தது. இதுவே ‘அனோடைசிங்’ எனப்படுவது.

இதனை நம் வீடுகளின் ஈயப்பூச்சோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். பித்தளைப் பாத்திரத்தின்மேல் ஈயம் வெளியிலிருந்து வந்து படிகிறது. அனோடைசிங்கிலோ உலோகத்தின் மேற்பரப்பே ஆக்சைடாக மாறுகிறது. அப்படலத்தின் ஒரு பகுதி உள்ளே இறங்கியும் மறுபகுதி வெளியே உயர்ந்தும் நிற்கும். மாணிக்கமும் நீலமணியும் எச்சேர்மத்தால் ஆனவையோ அதே சேர்மம்தான் இது. படலத்தின் நுண்துளைகளுக்குள் கருஞ்சாயம் புகுத்தப்பட்டு, வெந்நீரில் துளைகள் அடைக்கப்படுகின்றன.

வானூர்தியிலிருந்து இவ்வுலோகம் துப்பாக்கிக்கு வந்த வழி நேரானது. ஃபேர்சைல்டு வானூர்தி நிறுவனத்தின் பிரிவாக 1954இல் ஆர்மலைட் அமைந்தது. அங்குப் பணியாற்றிய யூஜின் ஸ்டோனர் குழலையும் கட்டையையும் விசையையும் இணைக்கும் நடுவுடலை, அஃதாவது ‘ரிசீவரை’, அலுமினியத்தால் அமைத்தார். 1959இல் இவ்வடிவமைப்பின் உரிமை கோல்ட் நிறுவனத்திற்குச் சென்றது. அதிலிருந்து பிறந்த எம்-16 வியட்நாம் காடுகளில் சிக்கிச் சிக்கி நின்றது. 1967இல் அமெரிக்கக் காங்கிரசின் துணைக்குழு இதனை ஆராய்ந்தது. வெடிமருந்து மாற்றப்பட்டதும், தோட்டா அமரும் அறைக்குக் குரோமியப் பூச்சு இல்லாமையும், துப்புரவுக் கருவிகள் போதிய அளவு வழங்கப்படாமையும் பேசப்பட்டன. துருப்பிடிக்காத மேனிக்குள்ளே துருப்பிடிக்கும் எஃகு இருந்தது. மேனியை மட்டும் பார்த்தவர்கள் உள்ளதை மறந்தார்கள். அதற்கு விலை கொடுத்தவர்கள் களத்தில் நின்ற இளைஞர்கள்.

1964 முதல் இவ்வடிவமைப்பின் குடிமக்களுக்கான வகையும் விற்பனைக்கு வந்தது. கைமாறி வந்த பழைய துப்பாக்கியில் விளிம்புகள் வெளுத்திருக்கும். சாயம் சில வேளை கருமை இழந்து கத்தரிப்பூ நிறம் காட்டும். புதிதாக்க விழைவோர் முதலில் பழைய படலத்தை நீக்க வேண்டும். எரிசோடா அதனை விரைந்து கரைக்கும். நிற்காமல் உலோகத்தையும் உண்ணும். ஊசிகள் செருகும் துளைகள் விரியும், இணைப்புகள் தளரும். பாஸ்பாரிக், குரோமிக் அமிலக் கலவை உலோகத்தை விட்டுவைக்கும்; ஆயினும் குரோமிக் அமிலம் நச்சுத்தன்மை உடையது. எவ்வழியாயினும், படலமாக மாறிய உலோகம் திரும்புவதில்லை. எஃகைப் போல மீண்டும் மீண்டும் நிறம் ஏற்ற இயலாமைக்குக் காரணம் இதுவே. மேலும், கலவை வேறுபட்ட இரு பகுதிகள் ஒரே தொட்டியில் இருந்தும் வெவ்வேறு கருமையோடு வெளிவரும். அதனால் பலர் வெப்பத்தில் இறுகும் பீங்கான் கலந்த வண்ணப்பூச்சை நாடுகின்றனர். அது ஈயப்பூச்சின் இனம். தேய்ந்தால் மீண்டும் இடலாம்.

இவ்வளவிலும் தொடக்கூடாத ஓர் இடம் உண்டு. 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் உற்பத்தியாளர் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தொடர் எண் பொறிப்பதைக் கட்டாயமாக்கியது. இவ்வகையில் அவ்வெண் ரிசீவரின் கீழ்ப்பகுதியில் இருக்கும். சட்டத்தின் கண்ணில் அப்பகுதியே துப்பாக்கி. குழலை மாற்றலாம், கட்டையை மாற்றலாம். எண்ணை அழிப்பது குற்றம். ஆதலால் மணல்வீச்சால் மேற்பரப்பைத் தேய்க்கும் தொழிலாளி, எண் பொறித்த இடத்தை அடைந்ததும் கையின் வேகத்தைத் தணிக்கிறான். புதிய கருமை ஏறிய பின் அதனை விளக்கொளியில் சாய்த்து, ஒவ்வோர் இலக்கமும் படிக்க முடிகிறதா என்று பார்க்கிறான்.