பயந்தவர் மூட்டிய அடுப்பு

வடலூரில் முதலில் வந்தது சமையல்கட்டுதான். சபை பிறகு வந்தது. சத்திய தருமச்சாலையில் அடுப்பைப் பற்றவைத்தது 1867 மே 23. சத்திய ஞான சபையைத் திறந்தது 1872 ஜனவரி 25, தைப்பூசத்தன்று. இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய ஐந்து வருடம். மன நிம்மதி வேண்டும் என்று பஸ் ஏறி வருகிறவர்களில் பலர் நேராகச் சபையின் ஜோதியைப் பார்க்கப் போகிறார்கள். நெய்வேலிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பக்கம் ஷிப்ட் பார்த்து ஓய்வு பெற்ற நானும் வெகுநாள் அப்படித்தான் போய்வந்தேன். இரண்டையும் கட்டிய வள்ளலார் வைத்த வரிசை வேறு என்பது அவருடைய வாழ்க்கையைப் படித்தபோதுதான் உறைத்தது.

வள்ளலார் என்றதும் வெள்ளைத் துணி போர்த்திய, சலனமே இல்லாத ஒரு முகம் நம் நினைவுக்கு வருகிறது. காலண்டர் படம் செய்த வேலை அது. அவரே எழுதியதைப் படித்தால் தெரிவது வேறு ஆள். அவருடைய பாடல்களின் தொகுப்பான திருவருட்பாவின் ஆறாம் திருமுறையில் ‘பிள்ளைப் பெருவிண்ணப்பம்’ என்று ஒரு பகுதி இருக்கிறது. தன் பயங்களை அதில் வரிசையாகச் சொல்லி அழுகிறார். யாராவது உரக்கப் பேசினால் நடுக்கம். கதவைப் பலமாகத் தட்டினால் கலக்கம். காக்கை கரைந்தால் கலக்கம். மாடு கன்று கதறினால் பயம். கையை வீசி நடக்கக்கூடக் கூசி, கட்டிக்கொண்டு நடந்தாராம். இன்றைக்கு ஒரு பையன் இப்படியெல்லாம் சொன்னால் டாக்டரிடம் கூட்டிப்போவோம்.

அந்தப் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1823இல் சிதம்பரம் பக்கத்து மருதூரில் பிறந்து, சின்ன வயதிலேயே தகப்பனை இழந்தவர். சென்னை ஏழுகிணறு வீராசாமி தெருவில் அண்ணன் வீட்டில் வளர்ந்தார். 1858 வாக்கில் சென்னையை விட்டு இந்தப் பக்கம் வந்து, கருங்குழியில் ஒரு ரெட்டியார் வீட்டில் தங்கினார். பயம் கூடவே வந்தது. ஆனால், அது எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அவருடைய நடுக்கத்தில் பெரும்பங்கு, தனக்கு என்ன ஆகுமோ என்பதல்ல. வருகிறவருக்கு என்ன துன்பமோ, கதறுகிற உயிருக்கு என்ன ஆயிற்றோ என்பதுதான்.

இதைத் தெரிந்துவைத்திருந்த நண்பர் இறுக்கம் இரத்தின முதலியார். பாடல்களை அச்சுக்குக் கொடுங்கள் என்று பலமுறை கேட்டும் வள்ளலார் பிடிகொடுக்கவில்லை. பாடல்கள் வந்து சேரும்வரை ஒருவேளைதான் சாப்பிடுவேன் என்று முதலியார் எழுதிவிட்டார். உடனே இறங்கிவந்தார் வள்ளலார்: அனுப்பிவைக்கிறேன், முதலில் ஒழுங்காகச் சாப்பிடுங்கள் என்று. நமக்குத் திருவருட்பா கிடைத்ததில் அந்தப் பட்டினி மிரட்டலுக்கும் பங்கு உண்டு. 1867இல் முதல் நான்கு திருமுறைகளும் அச்சில் வந்தன.

அதே வருடம்தான் சாலையும். முந்தின வருடம் ஒரிசாவையும் சென்னை மாகாணத்தின் பல பகுதிகளையும் பஞ்சம் அடித்திருந்தது. பார்வதிபுரத்து மக்கள் தங்கள் நிலத்தில் சுமார் 80 காணியை விட்டுக்கொடுக்க, அங்கே எழுந்தது தருமச்சாலை. சாதி, சமயம், ஊர் எதையும் கேட்காமல் சோறு. ‘ஜீவகாருண்ய ஒழுக்கம்’ என்ற உரைநடை நூலில் பசி உடம்பை என்ன செய்கிறது என்று அங்கம் அங்கமாக எழுதுகிறார். அறிவு மயங்குவதையும் மனம் சிதறுவதையும் அதே பட்டியலில் சேர்க்கிறார். சிதறிய மனத்தைப் பார்த்து ‘அடங்கு’ என்பதற்கு முன், அந்த வயிறு என்ன நிலையில் இருக்கிறது என்று பார்க்கச் சொன்ன மனிதர்.

வயிறு நிறைந்தபின்னும் ஆசை அடங்காதே? அதற்குத்தான் சபை. எட்டுப் பக்கம் கொண்ட கட்டடம். உள்ளே ஜோதிக்கு முன் ஏழு திரைகள்: கறுப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன், வெள்ளை, கடைசியில் கலப்பு நிறம். நாலாவதான சிவப்புக்கு இச்சாசத்தி என்று பெயர். மாதப் பூசத்தில் ஆறு திரை விலகும். ஏழும் விலகுவது தைப்பூசத்தில் மட்டும்.

எனக்கு அந்தத் திரைகளைவிடப் பிடித்தது, 1872 ஜூலை 18 அன்று அவர் எழுதிய சபை விதிமுறை. உள்ளே பித்தளைக் குத்துவிளக்கு வேண்டாம், தகரக் கண்ணாடி விளக்கே போதும் என்கிறார். விளக்கை உள்ளே கொண்டுபோய் வைப்பவர் 12 வயதுக்குள் இருக்க வேண்டும். இல்லையென்றால் 72 வயதைத் தாண்டியிருக்க வேண்டும். நான்கு நாளைக்கு ஒருமுறை அவர்களே காலில் துணி சுற்றிக்கொண்டு, மெல்ல நடந்து, முட்டிபோட்டுத் தூசி துடைக்க வேண்டும். பணம், இடம், சுகம் எதன்மீதும் அவர்களுக்கு ஆசை இருக்கக் கூடாது. மற்றவர்கள் வெளியே நின்று, சத்தம் போடாமல் வழிபட வேண்டும். சாவிகூட ஒருவர் கையில் கிடக்கக் கூடாது. பெட்டிக்குள் வைத்துப் பூட்ட வேண்டும். கதவு தட்டும் சத்தத்துக்கே கலங்கியவர், காலடி ஓசையும் கேட்காத ஓரிடத்தை விதி விதியாக யோசித்து உண்டாக்கியிருக்கிறார். ஆசை முளைக்காத வயதும் ஆசை ஓய்ந்த வயதும் மட்டும் உள்ளே. நடுவயதுக்காரர்களான நாம் வாசலில்.

விதிகளை ஊர் முழுசாகப் பிடித்துக்கொள்ளவில்லை. 1873 அக்டோபர் 22 அன்று மேட்டுக்குப்பத்தில் கொடி ஏற்றிப் பேசினார். 1874 ஜனவரி 30 அன்று அங்கேயே சித்திவளாகத்து அறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டார். அதன்பின் அவரை யாரும் பார்க்கவில்லை. இரண்டு வருடம் கழித்துத் தென்னிந்தியாவையே உலுக்கிய தாது வருஷப் பஞ்சம் வந்தது. மூட்டியவர் இல்லை. அடுப்பு அணையவில்லை என்பது சாலையின் வரலாறு. இன்றைக்கும் எரிகிறது.

ஓய்வுக்குப் பிறகு என் கவலைகள் சோற்றைப் பற்றியவை அல்ல. மகனுக்கு நிரந்தர வேலை அமையவில்லை, வீட்டுக்கடன் முடியவில்லை, பக்கத்து வீட்டுக்காரர் மாடி எடுத்துவிட்டார். ராத்திரி இரண்டு மணிக்கு இவை மூன்றும் ஒரே அளவில்தான் தெரிகின்றன. ஜோதிக்கு முன் கண்ணை மூடி நின்றாலும் கூடவே நிற்கின்றன. ஒருநாள் சாலையில் ஆள் போதவில்லை என்று குழம்பு வாளியைக் கையில் கொடுத்தார்கள். வந்தவர்களில் தெரிந்த முகம் இருக்கிறதா என்று தேடிக்கொண்டே ஊற்றினேன். பந்தியைக் கவனித்துக்கொண்டிருந்த பெரியவர் சொன்னார்: “ஆளைப் பாக்காதீங்கய்யா, இலையைப் பாருங்க. எதுல சோறு காயுதுன்னு பாருங்க.”

இப்போது வாரம் ஒருமுறையாவது போய் வாளி தூக்குகிறேன். கடன் குறையவில்லை. ஆனால், எந்தக் கவலை நிஜம், எது மாடியைப் பார்த்து வந்தது என்று பிரித்துப் பார்க்க அந்தப் பந்தியில் பழகினேன். பயத்தை அடக்கி வென்றவர் என்று வள்ளலாரைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பயந்த சுபாவத்தை வைத்துக்கொண்டே, அதற்கு அடுப்படியில் வேலை கொடுத்தவர் அவர்.