நெளிமுடியும் நம் முன்னோர் வழக்கமும்



பெருநாள் நெருங்கும்போது நம் இல்லங்கள் பலவற்றில் ஒரு வாக்குவாதம் எழுவதுண்டு. நெளிமுடியைச் சற்றே வளர்த்திருக்கும் மகனை நோக்கி, "இது நம் வழக்கமா?" என்று அத்தா கேட்பார். கேள்வி நியாயமானதே. ஆயினும் மார்க்கம் எது, ஊர் வழக்கம் எது என்று பிரித்தறிய வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்க்க வேண்டியுள்ளது.

பழவேற்காட்டை எடுத்துக்கொள்வோம். 1613இல் டச்சுக்காரர்கள் கெல்டிரியா கோட்டையை எழுப்பிய ஊர் இது. 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்களது தலைமையிடமாகவும் விளங்கிற்று. மலாய் மக்கள் கைலியை இன்றளவும் இவ்வூரின் பெயரால் 'கைன் பெலிகாட்' என்றே வழங்குகின்றனர். தலைமுடியே ஒருவரை இன்னாரெனக் காட்டிய காலம் அது. இந்துக்கள் குடுமி வைத்தனர். இக்கடற்கரையின் முஸ்லிம் பெரியவர்கள் பலர் தலையை மழித்துத் தொப்பியோ தலைப்பாகையோ அணிந்தனர். ஹஜ்ஜில் தலை மழிப்பதற்குள்ள சிறப்பும், உப்பங்காற்றில் உழல்வோருக்கு மொட்டைத்தலை தரும் எளிமையும் அவ்வழக்கத்தோடு பொருந்தி நின்றன.

பின்னர் ஆங்கிலேயர் ஆட்சியில் 'கிராப்பு' வந்தது. குடுமியை நறுக்கிய இளைஞரை அவர்கள் வீட்டார் ஏசினர். முடி வளர்த்த இளைஞரை நம் பெரியவர்கள் ஏசினர். இன்றோ அதே கிராப்பைத்தான் நாம் 'நம் வழக்கம்' என்கிறோம்!

நபி (ஸல்) அவர்களின் முடி எவ்வாறிருந்தது? மிகச் சுருண்டதுமன்று, முற்றிலும் நீண்டு படிந்ததுமன்று. காதுகளுக்கும் தோள்களுக்கும் இடையே தொங்கியது என அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். அஃதாவது, நெளிமுடி! நபியவர்கள் பள்ளிவாசலில் இஃதிகாஃப் இருந்தபோதும் தலையை வீட்டுப் பக்கமாக நீட்ட, ஆயிஷா (ரலி) அவர்கள் வாரிவிட்டார்கள். முடி வைத்திருப்பவர் அதைக் கண்ணியப்படுத்த வேண்டும் என்பதும் நபிமொழியின் கருத்தே. எனவே முடி வளர்ப்பது பிழையன்று. பராமரிக்காது பரட்டையாக விடுவதே பிழை.

தடுக்கப்பட்டது 'கஸஉ', அதாவது தலையின் ஒரு பகுதியை மழித்து மறு பகுதியை விட்டுவைத்தல். இதனை இப்னு உமர் (ரலி) அறிவிக்கிறார்கள். பக்கவாட்டில் தோல் தெரிய மழித்து உச்சியில் மட்டும் குவித்துவிடும் இக்கால வெட்டுகளை அறிஞர் பலர் இதில் சேர்க்கின்றனர்.

ஆகவே இளைஞர்களே, முடிதிருத்துபவரிடம் பக்கங்களைக் கத்தரியால் குறைக்கச் சொல்லுங்கள், மழிக்க வேண்டா. நெளிமுடி ஈரத்தில் நீண்டும் காய்ந்தபின் சுருங்கியும் தோன்றும். எனவே எண்ணியதினும் சற்று நீளமாகவே விடச் சொல்வது நலம். ஈரம் இருக்கும்போதே அகலப்பல் சீப்பால் வாரி, சிறிது எண்ணெய் தடவினால், ஏரிக்காற்றிலும் அது அடங்கி நிற்கும்.

பெற்றோர்களே, மகனின் தலையைக் கண்டிக்குமுன், நாம் காப்பது சுன்னத்தையா, நம் இளமைக்கால கிராப்பையா என்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்போம்.

அல்லாஹ் நன்கறிந்தவன்.