காணி ஈடும் லோனெகாசனும்

போன ஞாயிறு ரொம்மனில் சித்தப்பா வீட்டில் சாப்பாட்டு மேசை பட்டிமன்றமாகிப் போச்சுது. தங்கச்சிக்கு லண்டனில் பேர்போன பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் கிடைச்சிருக்கு. ஒஸ்லோ பல்கலைக்கழகத்திலும் இடம் கிடைக்கும், அவளுக்குப் படிப்புக் கட்டணமே இல்லை. (2023 இலையுதிர்காலத்தில் இருந்து கட்டணம் கேட்கிறது ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து வாற என்னை மாதிரி ஆக்களிட்டத்தான்!) சித்தி கடனே வேண்டாம் எண்டு நிக்கிறா. சித்தப்பா வாயே திறக்கேல்லை.

அதுக்குப் பின்னால ஒரு கதை இருக்குதுங்கோ.

1970களின் தொடக்கத்தில் இலங்கையில் தரப்படுத்தல் வந்தது. பொறியியல், மருத்துவத்துக்குத் தமிழ் மாணவர்கள் கூடுதல் புள்ளி எடுக்கவேண்டி வந்தது. நோர்வே 1975இல் வேலைக்கு வாறவர்களுக்குக் கதவைச் சாத்தினாலும் மாணவர்களுக்குச் சாத்தேல்லை. அப்பிடித்தான் யாழ்ப்பாணத்துப் பெடியள் 'ஃபோல்க்கஹோய்ஸ்கூல' எனப்படும் மக்கள் கல்லூரிகளுக்கு வரத் தொடங்கினார்கள். சித்தப்பா வந்தது 1986இல், அப்பாச்சி காணியை வட்டிக்கு ஈடு வைச்ச காசில்.

வேடிக்கை என்னவென்றால், 1864இல் ஹாமாரில் முதலாவது தொடங்கிய காலத்திலிருந்தே இந்தக் கல்லூரிகளின் கொள்கை பரீட்சையும் இல்லை, பட்டமும் இல்லை என்பதுதான். பட்டமே தராத பள்ளிக்கூடத்துக்குக் காணி ஈடு! வாங்கினது படிப்பை இல்லை, விசாவை. பிறகு பின்மார்க்கில் மீன் தொழிற்சாலை. ஈடு மீளுறதுக்குள்ள பொறியியல் கனவு போயிட்டுது.

அதே நாட்டில் 1947இலேயே லோனெகாசன் என்ற அரச கல்விக்கடன் நிதியம் வந்திட்டுது. காணி உறுதி கேட்காது, படிக்கும்வரை வட்டி இல்லை, பட்டம் முடிச்சால் அடிப்படைக் கடனில் 40 வீதம் வரை உதவிப்பணமாக மாறும். வெளிநாட்டில் படித்தாலும் தரும்.

ஆனால் லண்டன் கணக்கு வேறை. 1998இல் 1,000 பவுண்டாகத் தொடங்கிய கட்டணம் 2012இல் 9,000 வரை போனது. பிரெக்சிற்றுக்குப் பிறகு, 2021 ஓகஸ்ட் தொடக்கம் புதிதாய்ச் சேரும் நோர்வே மாணவர்களுக்கு உள்ளூர்க் கட்டணமும் இல்லை, வெளிநாட்டுக்காரர் கட்டணம்தான். லோனெகாசன் கட்டணத்துக்குத் தாறதிலும் ஒரு பங்கு கடன். இங்கேயே வேலை பார்க்கப்போறவளுக்கு அந்தப் பேர் இவ்வளவு காசு பெறுமோ? நான் ஒஸ்லோ பக்கம்தான் வாக்குப் போட்டன்.

கடைசியில் சித்தப்பா கோப்பையைத் தள்ளி வைச்சிட்டுக் கேட்டார்:

"தம்பி, கடன் ஆற்றை பேரில?"

"அவளின்ர பேரிலதான் சித்தப்பா."

"காணி ஒண்டும் வைக்கத் தேவையில்லையே?"

"இல்லை."

"அப்ப அவள் போகட்டும்."

சித்தி இன்னும் என்னோடையும் கதைக்கிறேல்லை.