வெள்ளைச் சட்டை யாருக்குத் தைத்தது?

கராத்தே, ஜூடோ வகுப்பு நடக்கிற பக்கம் போனால் ஒரு விஷயத்தை கவனித்துப் பாருங்கள். பசங்க ஒரு தடவை பெல்ட்டைக் கட்டிட்டா அதோட மறந்துடுவாங்க. பொண்ணுங்க மட்டும் ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு முறை கழுத்துப் பக்கம் சட்டையை இழுத்து இழுத்து சரி செய்துகொண்டே இருப்பார்கள். பார்க்கிறவர்கள் கூச்சம் என்று நினைக்கிறார்கள். கூச்சமெல்லாம் இல்லைங்க. சட்டையோட வெட்டு அப்படி!

இருபது வருஷத்துக்கு மேல் கராத்தே பழகுகிறேன். இந்தச் சட்டை ஏன் இப்படி இருக்கிறது என்று தேடப் போய், நூறு வருஷத்துக்கு முந்தின ஜப்பானில் போய் நின்றேன். அந்தக் கதைதான் இது. கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும், பொறுத்துக்கோங்க :-)

1882-இல் டோக்கியோவில் எய்ஷோஜி என்ற புத்தர் கோயிலில், பன்னிரண்டு பாய் விரித்த சின்ன இடத்தில், ஜிகோரோ கானோ தன் ஜூடோ பள்ளியைத் தொடங்கினார். அதுதான் கோடோகான். அவருடைய ஆரம்ப கால மாணவர்கள் எல்லாருமே இளைஞர்கள். சட்டையைப் பிடித்து இழுத்துத் தூக்கிப் போடுகிற கலை என்பதால் கிழியாத துணி வேண்டும். அதனால் நெருக்கமாகத் தையல் ஓடிய தடித்த பருத்தித் துணி. இன்றைக்கும் ஜூடோ சட்டையில் மேல்பாதி அரிசி அரிசியாகவும், இடுப்புக்குக் கீழே டைமண்ட் டைமண்டாகவும் இருப்பதைப் பார்க்கலாம்.

அந்தக் காலத்துப் புகைப்படங்களில் இன்னொன்று கண்ணில் படும். சட்டையின் கை முழங்கையோடு நின்றுவிடும். கால்சட்டை கிட்டத்தட்ட அரை டவுசர். 1907 வாக்கில் கானோ இரண்டையும் நீளமாக்கினார். சிராய்ப்பு குறைந்தது, எதிராளிக்குப் பிடிக்கவும் துணி கிடைத்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஆம்பளைங்களுக்கு முழங்கை சிராய்ச்சப்போ, 25 வருஷத்துல வெட்டு மாறிடுச்சு.

கராத்தேவுக்கு ஆரம்பத்தில் தனி உடையே கிடையாது. ஒகினாவாவில் அன்றாடம் உடுத்துகிற துணியோடோ, வெறும் உள்ளாடையோடோதான் பழகினார்கள். 1922-இல் கிச்சின் ஃபுனகோஷி டோக்கியோவுக்கு வந்து, கானோ அழைத்து கோடோகானில் கராத்தே செய்து காட்டினார். அதன்பிறகு ஜூடோ சட்டையையே கொஞ்சம் மெல்லிசாக்கி கராத்தேக்காரர்களும் போட ஆரம்பித்தார்கள். ஆக, இரண்டுக்கும் ஒரே பாட்டன் சட்டை.

சரி, பெண்கள் எங்கே? அவங்க அப்பவே இருந்தாங்க. 1893-லேயே சுவேகோ ஆஷியா என்ற பெண்ணை கானோ மாணவியாகச் சேர்த்துக்கொண்டார். 1926-இல் கோடோகானில் பெண்கள் பிரிவே தனியாக வந்தது. ஆனால் போட்டி கிடையாது. அவர்களுக்கு அதிகம் சொல்லித் தந்தவற்றில் ஒன்று 'ஜு நோ கதா' என்ற மென்மையான பயிற்சி முறை. அதில் யாரும் கீழே விழ வேண்டாம், சட்டையைப் பிடித்து இழுக்கிற வேலையும் இல்லை. சாதாரண உடையிலேயே செய்யலாம். அடடே, என்ன ஒரு வசதி! துணியே தேவைப்படாத பயிற்சியைக் கையில் கொடுத்துவிட்டால் துணி பொருந்தவில்லை என்று யார் வந்து கேட்கப் போகிறார்கள்?

அந்தப் பிரிவில் 1935-இல் சேர்ந்தவர் கெய்கோ ஃபுகுடா. கானோவுக்கு ஜுஜுத்சு சொல்லிக்கொடுத்த ஹச்சினோசுகே ஃபுகுடாவின் பேத்தி. உயரம் ஐந்தடிக்கும் கீழே, எடை 45 கிலோ கூட இல்லை. 1953-இல் ஐந்தாம் டான் வாங்கினார். பெண்களுக்கு அதற்கு மேல் கிடையாது என்று இருந்ததால், ஆறாம் டான் வர 1972 ஆனது. 2011-இல், 98 வயதில், அமெரிக்க ஜூடோ அமைப்புகள் அவருக்குப் பத்தாம் டான் கொடுத்தன. அவர் காலத்தில் கோடோகான் பெண்களின் உடையில் செய்த வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான். கறுப்பு பெல்ட்டின் நடுவில் நீளவாக்கில் ஒரு வெள்ளைக் கோடு! சட்டை அதேதான். பார்த்ததும் பெண் என்று தெரிய வேண்டும், ஆனால் பெண்ணுக்கு ஏற்ற மாதிரி தைக்க வேண்டாம் :-(

இத்தனைக்கும் ஜப்பானியர்களுக்கு இது தெரியாத வித்தை இல்லை. பெண்கள் கிமோனோவை ஆள் உயரத்தைவிட நீளமாகத் தைத்து, இடுப்பில் மடித்துக் கட்டி ஒவ்வொரு உடம்புக்கும் சரி செய்துகொள்வார்கள். கிட்டத்தட்ட நம்ம புடவைக் கொசுவம் மாதிரி. இந்தப் பயிற்சிச் சட்டையில் அப்படி மடிக்க இடமே கிடையாது. நேர்கோட்டில் வெட்டின பெட்டி.

அந்தப் பெட்டிக்குள் ஒளிந்துகொண்ட ஒரு பெண்ணின் கதை உண்டு. ரஸ்டி கனோகோகி, நியூயார்க் புரூக்ளின்காரர். 1959-இல் யுடிகா நகரில் ஒய்.எம்.சி.ஏ. ஜூடோ போட்டி நடந்தது. தலைமுடியைக் குட்டையாக வெட்டி, மார்பைத் துணிப்பட்டையால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, காயம்பட்ட ஓர் ஆண் வீரருக்குப் பதிலாக இறங்கினார். ஜெயித்தார். பிறகு "நீ பெண்ணா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றதும் பதக்கத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அது ஆம்பளை உடம்புக்கு வெட்டின சட்டை. அதை ஒழுங்காகப் போட ஆம்பளை உடம்பாகவே மாற வேண்டியிருந்திருக்கிறது.

அவர் சும்மா இருக்கவில்லை. 1980-இல் நியூயார்க்கில் பெண்களுக்கான முதல் உலக ஜூடோ போட்டியை வீட்டை அடமானம் வைத்து நடத்தினார். 1988 சியோல் ஒலிம்பிக்கில் பெண்கள் ஜூடோ கண்காட்சியாக வந்தது, 1992 பார்சிலோனாவில் பதக்கத்தோடு வந்தது. பறித்த பதக்கத்தை 2009-இல், அதாவது ஐம்பது வருஷம் கழித்து, கொடுத்தார்கள். அதே வருஷம் நவம்பரில் அவர் காலமானார்.

போட்டி வந்ததும் விதிகள் வந்தன. பெண்கள் உள்ளே வெள்ளை டி-ஷர்ட் போட வேண்டும் என்பது ஜூடோவில் விதி. வெட்டு சரியில்லை என்பதற்கு மேலே போட்ட ஒட்டு இது, அவ்வளவுதான். சர்வதேச ஜூடோவில் சட்டையின் இரண்டு பக்கமும் விலா எலும்பின் அடிப்பகுதியில் குறைந்தது 20 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். கராத்தேவில் சட்டை இடுப்பை மூட வேண்டும், கை மணிக்கட்டைத் தாண்டக் கூடாது, மடித்தும் விடக் கூடாது.

இப்போது சைஸ் கணக்கைப் பாருங்கள். வழக்கமான அளவுகள் உயரத்தை மட்டும் வைத்துப் போடப்பட்டவை. 3 என்றால் 160 செ.மீ., 4 என்றால் 170, 5 என்றால் 180. அகலம் அந்த உயரத்து ஆணுக்கு ஏற்ற அகலம். 160 செ.மீ. உயரமுள்ள பெண் 3-ஐ வாங்கினால் தோள் தொங்கும், இடுப்பில் பிடிக்கும், மார்பருகே பிளந்துகொள்ளும். இடுப்புக்காக 4 வாங்கினால் கை விரல் நுனி வரை வரும். மடிக்கலாமா என்றால் ரெஃப்ரி விடமாட்டார். இந்தப் பக்கம் போனா கிணறு, அந்தப் பக்கம் போனா பள்ளம்!

காலேஜ் நாட்களில் எனக்குக் கிடைத்தது 4. "எல்லாருக்கும் இதாம்மா" என்று கடைக்காரர் கையில் திணித்துவிட்டார். காப்பாற்றியவர் எங்கள் தெரு டெய்லர் அண்ணன். ஜூடோ, கராத்தே எதுவும் தெரியாத மனிதர். "இது பெரிய விஷயமில்லைம்மா, சல்வாருக்கு வைக்கிற மாதிரி சைடு ஓபனைக் கொஞ்சம் மேல ஏத்திட்டா இடுப்பு ஃப்ரீ ஆயிடும்" என்றார். பக்கவாட்டு நாடாவைப் பிரித்து நாலு விரற்கடை மேலே வைத்துத் தைத்தார். கையைக் குறைத்தார். அரை மணி நேர வேலை. அன்றைக்குத்தான் முதல் தடவையாக சட்டையை நினைக்காமல் ஒரு வகுப்பு முழுக்க உதைத்தேன்.

நான் கேட்பதும் அதைத்தான். ஒரு கை சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தால் தற்காப்புக்கு மிச்சம் இருப்பது ஒரு கைதானே?

இப்போது நிலைமை பரவாயில்லை. பிரேசிலியன் ஜுஜுத்சுவில் பெண்களுக்கென்றே எஃப்-1, எஃப்-2 என்று தனி அளவு வந்துவிட்டது. தோள் குறுகலாக, இடுப்பு தாராளமாக இருக்கும். ஜூடோவிலும் கராத்தேவிலும் சில கம்பெனிகள் பெண்கள் வெட்டு போடுகின்றன. அந்த வெள்ளைக் கோட்டு பெல்ட் கூட, ஜப்பானின் உள்நாட்டுப் போட்டிகளில் 2017-இல் கைவிடப்பட்டது.

வாங்கப் போகிறவர்களுக்கு என் அனுபவத்தில் நாலு வார்த்தை. உயரத்தைச் சொல்லி வாங்காதீர்கள், தோளையும் இடுப்பையும் அளந்துகொண்டு போங்கள். போட்டுப் பார்க்கும்போது சும்மா நிற்காமல் ஒரு முறை காலை விரித்து உட்காருங்கள், இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்குங்கள். முழுப் பருத்தி என்றால் சுருங்கும், இரண்டு மூன்று முறை துவைத்த பிறகே கையையும் காலையும் வெட்டக் கொடுங்கள். கராத்தே சட்டை என்றால் நாடாவை மேலே ஏற்றித் தைக்கச் சொல்லுங்கள், செலவு கம்மி, பலன் ஜாஸ்தி. போட்டிக்குப் போகிறவர்கள் மட்டும் எதை மாற்றலாம் என்று மாஸ்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

"காலங்காலமா இப்படித்தாம்மா வருது, வெட்டையெல்லாம் மாத்த முடியாது" என்று யாராவது சொன்னால், 1907-இல் ஒரு தடவை மாத்தியிருக்காங்க என்று சொல்லிவிட்டு வாருங்கள் :-)