வேனில் கொடைக்கானல் டூர்: கிளம்பும் முன் கவனிக்க வேண்டிய 3 விஷயங்கள்

திருச்சி அரியமங்கலத்தில் இருந்து குடும்பத்தோடு கொடைக்கானல் ஏரிக்கு வேன் பேசியாச்சா? திண்டுக்கல், வத்தலக்குண்டு வழியாக சுமார் 200 கி.மீ. பயணம். இதையெல்லாம் பார்த்துக்கோங்க.

இ-பாஸ்: சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7-ல் அமலுக்கு வந்தது. வண்டி எண், தேதி, ஆட்கள் எண்ணிக்கை கொடுத்து ஆன்லைனில் முன்கூட்டியே எடுத்துடுங்க.

மலைப்பாதை: வளைவுகள் அதிகம். பகல் வெளிச்சத்திலேயே ஏறிடுங்க.

சமையல்: வேனில் சிலிண்டர் ஏற்றவே கூடாது. 2023 ஆகஸ்ட் 26-ல் மதுரையில் நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில், சிலிண்டரால் பரவிய தீயில் 9 பேர் இறந்தனர். கசியும் கேஸ் காற்றைவிடக் கனமானது. மூடிய வண்டிக்குள் தரையோடு தேங்கும். ஒரு பொறி போதும். புளியோதரையும் ஃபிளாஸ்க்கில் டீயும் போதுமே!