12 கெல்வினில் ஒரு சிறு சரிவு

உலோகங்களிடைச் சேர்மம் என்பது இரண்டோ அதற்கு மேற்பட்டோ தனிமங்கள் நிலையான விகிதத்தில் கூடி, படிகத்துக்குள் ஒவ்வோர் அணுவும் தனக்குரிய இடத்தில் அமர்ந்திருக்கும் பொருள். சாதாரணப் பித்தளையில் துத்தநாக அணு செம்பு அணுவின் எந்த இடத்தையும் பிடித்துக்கொள்ளும். இங்கே அந்தச் சலுகை கிடையாது. இவற்றுள் பல வளைய மாட்டா, தட்டினால் உடைந்துவிடும். மின்சாரம் பாயும் முறை மட்டும் மற்ற உலோகங்களைப் போன்றதே. அறை வெப்பநிலையில் அணுக்களின் அதிர்வு எலெக்ட்ரான்களை இடறச் செய்கிறது. குளிரக் குளிர அதிர்வு அடங்கி மின்தடை குறைகிறது. கலப்படத்தாலும் படிகக் குறைகளாலும் வரும் மிச்சத் தடை கடைசிவரை நிற்கிறது. அந்த மிச்சமும் ஒரு வெப்பநிலையில் திடீரென்று மறைந்துவிட்டால் அது மீக்கடத்தி. 1911இல் லைடன் நகரில் காமர்லிங் ஓன்னெஸ் பாதரசத்தில் 4.2 கெல்வினில் இதைக் கண்டார்.

தனித் தனிமங்களின் எல்லை விரைவிலேயே தெரிந்துவிட்டது. சாதாரண அழுத்தத்தில் நையோபியத்தின் 9.2 கெல்வினை எந்தத் தனிமமும் தாண்டவில்லை. எனவே தேடல் சேர்மங்களின் பக்கம் திரும்பியது. 1953இல் சிகாகோவில் ஹார்டி, ஹல்ம் இருவரும் மூன்று பங்கு வனேடியமும் ஒரு பங்கு சிலிக்கானும் கொண்ட சேர்மம் 17 கெல்வினில் மீக்கடத்துவதைக் கண்டனர். மறு ஆண்டே பெல் ஆய்வகத்தில் பெர்ன்ட் மத்தியாஸ் குழு அதே படிக அமைப்பில் நையோபியத்தையும் வெள்ளீயத்தையும் சேர்த்து 18 கெல்வினை எட்டியது. மத்தியாஸுக்குக் கோட்பாட்டாளர்கள்மீது நம்பிக்கை குறைவு. அணு ஒன்றுக்கு எத்தனை இணைதிறன் எலெக்ட்ரான்கள் என்று எண்ணுவது, சமச்சீர் மிகுந்த படிகத்தைத் தேர்வது, காந்தத் தன்மையைத் தவிர்ப்பது என்ற அனுபவ விதிகளை வைத்தே அவர் வேட்டையாடினார். அந்த விதிகள் நெடுநாள் பலனும் தந்தன.

நையோபியம்–வெள்ளீயத்தின் உண்மையான பயன் தெரிய 1961வரை காத்திருக்க வேண்டியிருந்தது. குன்ஸ்லரும் சகாக்களும் நையோபியக் குழாய்க்குள் இரண்டின் பொடியையும் அடைத்து, கம்பியாக இழுத்து, அதன் பிறகே உலையில் சூடாக்கிச் சேர்மமாக்கினர். சேர்மமான பின் இழுத்தால் நொறுங்கிவிடும் என்பதால் இந்தத் தலைகீழ் வரிசை. இன்றும் தொழிற்சாலைகள் இதே தந்திரத்தைத்தான் பின்பற்றுகின்றன. அந்தக் கம்பி 8.8 டெஸ்லா காந்தப்புலத்திலும் சதுர சென்டிமீட்டருக்கு லட்சம் ஆம்பியர் அளவுக்கு மின்சாரத்தைத் தடையின்றிச் சுமந்தது. ஆற்றல் மிக்க மீக்கடத்து காந்தங்களின் காலம் அங்கே தொடங்கியது. 1973இல் நையோபியம்–ஜெர்மானியம் மென்படலம் 23 கெல்வினைத் தொட்டது. அதற்குப் பிறகு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக உலோகச் சேர்மங்களில் உச்சவரம்பு நகரவில்லை.

இந்தத் துறையில் அளவீடு எப்படி ஏமாற்றும் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். மாதிரித் துண்டின்மேல் நான்கு மெல்லிய கம்பிகளை வெள்ளிப் பசையால் ஒட்டுவார்கள். வெளிக்கம்பிகள் இரண்டும் மின்னோட்டத்தைச் செலுத்த, உள்கம்பிகள் இரண்டும் மின்னழுத்தத்தை அளக்கும். துண்டுக்குள் வேறொரு மீக்கடத்தி மயிரிழைபோல் ஓடினாலும் போதும். மின்சாரம் முழுவதும் அந்தக் குறுக்குவழியிலேயே போய்விடும், தடை பூச்சியம் என்று கருவி காட்டும். ஆகவே காந்தப்புலத்தைத் துண்டு எவ்வளவு விலக்குகிறது, வெப்ப ஏற்புத்திறன் அந்த வெப்பநிலையில் துள்ளுகிறதா என்றும் பார்ப்பது வழக்கம். மீக்கடத்தல் துண்டு முழுவதற்கும் சொந்தமானது என்றால்தான் இவை பெரிதாகத் தெரியும்.

இந்த எச்சரிக்கை ஒருமுறை எல்லை மீறியது. 1975இல் பெல் ஆய்வகக் குழு ஒன்று, ஒரு பங்கு யுரேனியமும் பதின்மூன்று பங்கு பெரிலியமும் கொண்ட சேர்மம் ஏறத்தாழ 1 கெல்வினில் மீக்கடத்துவதைப் பார்த்தது. யுரேனிய இழைகளின் வேலை என்று அதை ஒதுக்கிவிட்டது. காந்தத் தன்மை உள்ள அணுக்கள் மீக்கடத்தலுக்குக் காரணமான எலெக்ட்ரான் இணைகளைப் பிரித்துவிடும் என்பதே அன்றைய பாடம், ஆகவே அந்த முடிவு நியாயமாகத்தான் தோன்றியிருக்கும். ஆனால் 1979இல் ஃபிராங்க் ஸ்டெக்லிஷ் குழு சீரியம்–செம்பு–சிலிக்கான் சேர்மத்தில், எலெக்ட்ரான்கள் வழக்கத்தைவிட நூற்றுக்கணக்கான மடங்கு கனத்தவைபோல் நடந்துகொள்ளும் நிலையில், அரை கெல்வின் அளவில் மீக்கடத்தலைக் காட்டியது. சீரியத்துக்குப் பதில் காந்தமற்ற லாந்தனத்தை இட்டால் மீக்கடத்தலே இல்லை. பாடம் தலைகீழானது. 1983இல் ஓட் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் யுரேனியம்–பெரிலியத்தை மறுபடி அளந்து, வெப்ப ஏற்புத்திறனில் பெரிய துள்ளலைக் கண்டனர். எட்டு ஆண்டுகளுக்கு முன் ஒதுக்கப்பட்டது உண்மையான மீக்கடத்தலே.

மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. ஆர். நாகராஜன், எல்.சி. குப்தா, சந்தன் மஜும்தார் உள்ளிட்ட குழு, யட்ரியம்–நிக்கல்–போரான் சேர்மம் ஒன்றை ஆராய்ந்தபோது 12 கெல்வின் அருகே மீக்கடத்தலின் மெல்லிய அடையாளம் தெரிந்தது. நிக்கல் பெயர்போன காந்த உலோகம். அடையாளமோ துண்டின் சிறு பகுதியிலிருந்து வந்தது. ஒதுக்கிவிட இரண்டு காரணங்கள் தயாராக இருந்தன. குழு விடவில்லை. நான்காவதாகக் கார்பனைச் சேர்த்தபோது மீக்கடத்தல் நிலைபெற்றது. 1993இல் முதல் அறிவிப்பு வந்தது. துண்டு முழுவதும் மீக்கடத்துகிறது என்ற கட்டுரை 1994 ஜனவரியில் வெளியானது. அதே மாதம் பெல் ஆய்வகத்தின் காவா குழு லுட்டீசியம் கொண்ட சேர்மத்தில் 16.6 கெல்வினையும், நிக்கலுக்குப் பதில் பல்லேடியம் இட்ட கலவையில் 23 கெல்வினையும் அறிவித்தது.

படிகத்தைப் பிரித்துப் பார்த்தபோது, நிக்கல்–போரான் அடுக்குகளுக்கு இடையே யட்ரியம், லுட்டீசியம் போன்ற அருமண் உலோகமும் கார்பனும் சேர்ந்த அடுக்குகள் செருகப்பட்டிருந்தன. இந்த அமைப்பில் நிக்கல் தன் காந்தத் தன்மையை இழந்துவிடுகிறது. காந்தம் கொண்ட அருமண் அணுக்களை இட்டாலும் மீக்கடத்தல் சாவதில்லை என்பது இன்னும் விசித்திரம். ஹோல்மியம் சேர்மம் ஏறத்தாழ 8 கெல்வினில் மீக்கடத்தியாகிறது. 5 கெல்வின் அருகே ஹோல்மியத்தின் காந்தங்கள் ஒழுங்குபடும்போது சிறிதளவு புலம் இருந்தாலே தடை மறுபடி தலைகாட்டுகிறது. மேலும் குளிர்ந்தால் மீண்டும் மறைகிறது. காந்தமும் மீக்கடத்தலும் இழுபறி நடத்துவதை ஒரே வரைபடத்தில் பார்க்க இதைவிட நல்ல பொருள் அமைவது அரிது.

23 கெல்வின் வரம்பை உடைத்த பொருளோ நெடுநாளாக வேதியியல் கூடங்களின் அலமாரியில் இருந்தது. மக்னீசியம் டைபோரைடின் அமைப்பு 1950களிலேயே தெரியும். போதிய குளிரில் அதன் மின்தடையை யாரும் அளந்து வெளியிடவில்லை. 2001 ஜனவரியில் ஜப்பானில் அகிமிட்சு குழு அறிவித்த அளவு 39 கெல்வின். ஐரோப்பாவின் செர்ன் துகள் முடுக்கியின் மேம்படுத்தலில் நையோபியம்–வெள்ளீயம் காந்தச் சுருள்களாகவும், மக்னீசியம் டைபோரைடு அவற்றுக்கு மின்சாரம் கொண்டுசெல்லும் வடங்களாகவும் இடம்பெறுகின்றன. மும்பையில் தொடங்கிய நிக்கல்–போரான்–கார்பன் சேர்மங்களான போரோகார்பைடுகளுக்குத் தொழிற்சாலை வாய்ப்பு வரவில்லை. அவை ஆய்வகத்திலேயே தங்கிவிட்டன.