செல்லாக் கல்யாணமும் ஏழு சதவீதமும்

எங்கள் கரடியூர்ச் சனத்தின் கல்யாணத்தை இந்து திருமணச் சட்டம் கட்டுப்படுத்தாது. பத்திரம் எழுதிப் பிழைக்கிற நான் சொன்னாலும் சேலத்துக்காரர்கள் நம்புவதில்லை. 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2ஆம் பிரிவைப் புரட்டிப் பார்க்கலாம். மத்திய அரசு தனியாக அறிவித்தாலொழிய, பட்டியல் பழங்குடியினருக்கு அது பொருந்தாது. சேர்வராயன் மலை மலையாளிகளான நாங்கள் பட்டியல் பழங்குடி. பரிசம் பேசி, ஊர்ப் பெரியவர்கள் முன்னால் தாலி ஏறினால் கல்யாணம் முடிந்தது. வழக்கம்தான் சட்டம்.

அதனால், ஒருபால் திருமணம் பற்றிய பேச்சில் யாராவது ‘நம் மரபு’ என்று ஆரம்பித்தால், எந்த ஊர் மரபு என்று கேட்கத் தோன்றும்.

கீழ்நாட்டிலும் ஒரே மரபா இருந்தது? 1928இல் அருப்புக்கோட்டை பக்கம் சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் புரோகிதர் இல்லாமல் கல்யாணம் நடந்தது. பிறகு ஆயிரக்கணக்கில் நடந்தன. பிள்ளை பிறந்தது, நிலம் வாங்கினார்கள். 1953இல் தெய்வானை ஆச்சி வழக்கில், சடங்கில்லாத அப்படியொரு கல்யாணம் செல்லாது என்றது சென்னை உயர் நீதிமன்றம். செல்லாது என்றால் மனைவி மனைவியில்லை, பிள்ளைக்குச் சொத்தில் வழக்கு. 1967இல் அண்ணா முதல்வரானதும் இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவு வந்தது. உறவினரோ நண்பரோ முன்னிலையில், இருவருக்கும் புரிந்த மொழியில் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னால் போதும். மாலையோ மோதிரமோ மாற்றினாலும் சரி, தாலி கட்டினாலும் சரி. சட்டத்துக்கு முன்பே நடந்தவையும் செல்லும் என்று சேர்த்தார்களே, அதுதான் எனக்குப் பிடித்த வரி. வாழ்ந்து முடித்தவர்களுக்கும் பின்தேதியிட்டு மரியாதை!

2023இல் உச்ச நீதிமன்றத்தில் மத்திய அரசு, ஒருபால் திருமணம் நகரத்து மேட்டுக்குடிச் சங்கதி என்று வாதிட்டது. அதற்கு முன்பே, 2019இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, மணமகள் என்ற சொல்லில் திருநங்கையும் அடக்கம் என்று சொன்னது தூத்துக்குடித் தம்பதியின் வழக்கில். அவர்கள் என்ன மேட்டுக்குடி? 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் திருமணம் அடிப்படை உரிமையல்ல, நாடாளுமன்றம்தான் முடிவெடுக்க வேண்டும் என்றார்கள். ஒரு மாதத்தில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இணைந்து வாழ்பவர்கள் குடும்ப உறவுப் பத்திரம் ஒன்று பதிவுசெய்ய வழி செய்யலாமே, பரிசீலியுங்கள் என்று தமிழக அரசிடம் சொன்னார். பத்திரம் என்றதும் காது நீண்டது.

என் மேசைக்கு வந்த இரண்டு பெண்கள், மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரங்களோடு கொஞ்சம் நிலம் வைத்திருந்தார்கள். ஒருத்தி பேரில் பட்டா. மற்றவளுக்கும் எழுத வேண்டும். தான செட்டில்மென்ட் என்றால், குடும்பத்தாருக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதற்கும் உச்சவரம்பு உண்டு. வெளியாருக்கு 7 சதவீதம். எத்தனை வருஷம் ஒரே அடுப்பில் சமைத்தாலும் அவர்கள் வெளியார். உயில் எழுதச் சொன்னேன். அதற்குத் தீர்வை இல்லை, இரண்டு சாட்சி போதும்.

“அண்ணன்காரன் கோர்ட்டுக்குப் போனா?” என்றாள் ஒருத்தி.

போவான்தான். சாட்சி இருவரும் அவர்களைவிட இளையவர்களாக இருக்கட்டும் என்றேன். நாளைக்கே குடும்ப உறவுப் பத்திரம் வந்தாலும் நான் முதலில் பார்க்கப்போவது தீர்வை அட்டவணையைத்தான்: ஒன்றா, ஏழா?